சத்தம் ஓரிடம், கோளாறு வேறிடம்

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளில் பாதிக்குமேல் ஒரு பாகத்தின் பெயரோடுதான் தொடங்கும். டியூப் மட்டமா? கியர் மாற்றும் டெரெய்லர் போய்விட்டதா? செயினை மாற்றணுமா? காரணம் பெரும்பாலும் அந்தப் பாகத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கும். அடிக்கடி பஞ்சராகும் டியூபுக்கு டயரிலும் ரிம்மிலும் தேட வேண்டும். தாவும் கியருக்குக் கேபிளில் தேட வேண்டும். முழங்கால் வலிக்குச் சீட்டில் தேட வேண்டும். எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பார்த்தால் தேவையில்லாத பாகம் வாங்கும் செலவு மிச்சம்.

ஒரே வாரத்தில் மூன்றாவது பஞ்சர். ஏன்?

டயரை மாட்டும்போது அதன் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். பார்க்க அழகாக இருக்கும் என்பது இருக்கட்டும், இதன் பயன் பஞ்சரானால்தான் தெரியும். டியூபில் ஓட்டை வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால், டயரிலும் அந்தப் பெயரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் முள் இருக்கும். டியூப் எந்தப் பக்கமாக இருந்தது என்று மறந்துவிட்டாலும் இரண்டு இடங்களில் தேடினால் போதும், முழு வட்டத்தையும் தடவ வேண்டியதில்லை.

அடுத்து, ஓட்டை டியூபின் எந்த முகத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சாலையைப் பார்த்த முகத்தில் இருந்தால் முள், கண்ணாடித்துண்டு, மெல்லிய கம்பி. இந்தக் கம்பிதான் மிக மோசமானது. தேய்ந்து வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் எஃகு இழை தலைமுடி அளவுதான் இருக்கும், டயருக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாது, உள்ளே ஒரு மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் பத்து கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி குத்தும். வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும் அல்லது இழை தட்டுப்படாமலே போகும். பஞ்சையோ பழைய துணியையோ டயரின் உட்புறம் முழுக்க இழுத்துக்கொண்டு போங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே இருக்கிறது. அதன்பின் டயரை வெளிப்பக்கமாக வளைத்துக் குறட்டாலோ நகவெட்டியாலோ பிடுங்குங்கள்.

ஓட்டை ரிம்மைப் பார்த்த முகத்தில் இருந்தால் டயரைக் குற்றம் சொல்ல வேண்டாம். ரிம் டேப் நகர்ந்து போக்ஸ் கம்பியின் துளை திறந்திருக்கும், அல்லது கம்பியின் முனை, அதை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டான நிப்பிளைத் தாண்டி வெளியே வந்திருக்கும். நீட்டிய முனையை அரத்தால் ராவிவிட்டு, ரிம்மின் உட்குழிவு முழுவதையும் மூடும் அகலத்தில் டேப் ஒட்டுங்கள்.

பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டுகள் இருந்தால் காற்று குறைவு. பள்ளத்தில் இறங்கும்போது டயர் முழுவதும் நசுங்கி, டியூப் ரிம்மின் இரு விளிம்புக்கும் சாலைக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் மூன்று காரணங்களில் ஒன்று: காற்றடிக்கும்போது பம்ப் வால்வை இழுத்து ஆட்டுகிறது, குறைந்த காற்றில் ஓட்டி டியூப் மெல்ல நகர்ந்திருக்கிறது, அல்லது ஷ்ரேடர் வால்வுக்கான 8.5 மி.மீ. துளையில் 6.5 மி.மீ. பிரெஸ்டா வால்வைச் செருகியிருக்கிறார்கள். கடைசிக் காரணத்துக்குத் துளையில் உட்காரும் சிறிய வளையம் கிடைக்கும். டியூப் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்துப் பிளந்திருந்தால், டயரின் ஓரம் ரிம்மில் ஏறும்போது டியூப் அதனடியில் மாட்டியிருந்திருக்கிறது. காற்றடிக்கும் முன் இரு பக்கமும் டயரை விரலால் விலக்கிச் சுற்றிப் பார்த்தால் இது நடக்காது.

ஒட்டும் வேலையில் பலர் சொதப்புவது ஒரே இடத்தில்: பொறுமை. ஓட்டையைச் சுற்றி பேட்ச் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக உப்புத்தாளால் தேயுங்கள். ரப்பரின் பளபளப்பு முழுக்கப் போக வேண்டும். டியூபின் நடுவே ஓடும் அச்சுக்கோடு மேடாக இருந்தால் அதையும் தேய்த்துச் சமப்படுத்துங்கள். அந்த மேட்டின் ஓரமாகத்தான் காற்று ஊர்ந்து வெளியேறும். சொலுஷனை மெல்லிய ஒரே பூச்சாகத் தடவிவிட்டு ஐந்து நிமிடம் கை வைக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போது பேட்ச் வைத்தால் உள்ளே மாட்டிய கரைப்பான் ஆவியாக முடியாமல் குமிழ்விடும். பேட்சின் அடிப்பகுதியில் இருக்கும் ரசாயனமும் சொலுஷனும் சேர்ந்து ரப்பரோடு ரப்பராகப் பிணைவதுதான் இங்கே நடப்பது, சாதாரணப் பசைபோல ஈரத்தில் ஒட்டுவதில்லை. ஓரத்தைத் தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்தபின் பேட்சை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். மேலே உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்கும்போது பேட்சின் விளிம்பு தூக்கினால், தாளை அப்படியே விட்டுவிடுங்கள். கொஞ்சம் பவுடர் தூவினால் டியூப் டயரோடு ஒட்டாது.

ஒட்டியதைச் சோதிக்கிறேன் என்று டியூபை வெளியே வைத்துப் பலூன்போல ஊதாதீர்கள். பேட்ச் அவ்வளவு நீளாது, ஓரம் பிய்ந்துவிடும். டயருக்குள் வைத்துத்தான் முழுக் காற்று. சொலுஷன் குப்பி ஒருமுறை திறந்தால் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும் என்பதால், பையில் இருப்பது திறக்காத குப்பியாக இருக்கட்டும்.

டயர் கடைசிச் சாணில் ஏற மறுக்கிறதா? டயர் நெம்பும் லீவரைத் தேடாதீர்கள். ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் உண்டு, அங்கே சுற்றளவு குறைவு. வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி, டயரின் ஓரத்தை அந்தப் பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டே இரு கையாலும் வால்வை நோக்கி வாருங்கள். மிச்சம் பிடித்த தளர்ச்சி எல்லாம் கடைசி இடத்துக்கு வந்து சேரும், கட்டை விரலாலேயே ஏறிவிடும். ஏறியபின் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். அடியில் மாட்டியிருந்த டியூப் விடுபடும்.

எவ்வளவு காற்று அடிப்பது?

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது உச்ச வரம்பு. அதையே அடித்துக்கொண்டு, கை மரத்துப்போகிறது என்று கையுறையை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். சுமார் 70 கிலோ எடையுள்ளவருக்கு, டியூப் போட்ட டயரில், தொடக்கமாக இப்படி வையுங்கள்: 25 மி.மீ. டயருக்கு 80 முதல் 85 பி.எஸ்.ஐ., 28 மி.மீ. என்றால் 65 முதல் 75, 32 மி.மீ. என்றால் 50 முதல் 60, 40 மி.மீ. என்றால் 35 முதல் 45, மலைப்பாதை சைக்கிளின் 2.2 அங்குல டயருக்கு 28 முதல் 35. எடை கூடினால் கூட்டுங்கள். பின்சக்கரத்தில் சுமை அதிகம் என்பதால் முன்னால் மூன்று முதல் ஐந்து பி.எஸ்.ஐ. குறைவாக வையுங்கள். கொக்கி விளிம்பு இல்லாத புதுவகை ரிம் என்றால் 72.5 பி.எஸ்.ஐ.யைத் தாண்டவே கூடாது, டயர் ரிம்மிலிருந்து கழன்று பறக்கும் ஆபத்து உண்டு. டயரிலோ ரிம்மிலோ அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் குறைவானதே கணக்கு.

கரடான சாலையில் கல்போன்ற டயர் வேகம் தராது. ஒவ்வொரு மேட்டிலும் சைக்கிளையும் உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடும், அந்தத் துள்ளலில் போகும் ஆற்றல் உங்கள் காலிலிருந்து வந்ததுதான்.

பஞ்சரில்லாமலே காற்று இறங்குவது இயல்பு. பியூட்டைல் ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசியும். ஒல்லியான டயரில் காற்றின் கொள்ளளவு குறைவு, அழுத்தம் அதிகம் என்பதால் அங்கே சீக்கிரம் தெரியும். வாரம் ஒருமுறை கேஜ் உள்ள பம்பால் பாருங்கள். கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தால் 60க்கும் 90க்கும் வித்தியாசம் தெரியாது.

டயர் அளவில் இன்னொரு குழி இருக்கிறது. "26 அங்குல டயர்" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். 26 × 1⅜ என்பதற்கு ரிம் விட்டம் 590 மி.மீ., 26 × 1.75 என்பதற்கு 559 மி.மீ. ஒன்று மற்றதில் எந்தக் காலத்திலும் உட்காராது. 28 × 1½ என்ற பழைய பெரிய சக்கரத்துக்கு 635, 27.5 அங்குலத்துக்கு 584, 700சி என்றாலும் 29 அங்குலம் என்றாலும் 622. டயரின் ஓரத்தில் 28-622 என்பதுபோலச் சிறிய எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது ரிம் விட்டம். அந்த இரண்டாவது எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், மற்ற எல்லாப் பெயர்களும் குழப்பத்துக்குத்தான்.

மிதிக்கும்போது 'கடக், கடக்' என்று வருகிறதே, பாட்டம் பிராக்கெட்டா?

எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான், அதாவது பெடல் கைகளை இணைக்கும் அச்சு சுழலும் பேரிங்கை. அதை மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருக்கும் கதை சாதாரணம். சைக்கிளின் சட்டம் வெறுங்குழாய், எங்கே பிறந்த சத்தத்தையும் வாங்கிக் காலடியில் கொண்டுவந்து போடும். காதை நம்பாமல், எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

பெடல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை, அதே நிலையில் வந்தால்: பெடல், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), செயின்ரிங் (முன் பற்சக்கரம்) போல்ட், அதன்பிறகுதான் பாட்டம் பிராக்கெட். மிதிக்காமல் உருளும்போதும் வந்தால் சக்கரம்: ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), தளர்ந்த கம்பி, பின் அச்சு. எழுந்து நின்று மிதிக்கும்போது சத்தம் நின்றுவிட்டால் சீட்டோ சீட் போஸ்டோதான். உட்கார்ந்து மிதித்தால் வராமல், எழுந்து நின்று மிதித்தால் மட்டும் வந்தால் ஹேண்டில்பார், ஸ்டெம் (அதைப் பிடிக்கும் கழுத்து), ஹெட்செட் (அது திரும்பும் பேரிங்). மிதிக்காமல் நின்ற இடத்திலேயே ஹேண்டில்பாரை இருபுறமும் அழுத்திப் பாருங்கள், அங்கேயே பிடிபடும்.

பெரும்பாலான சத்தங்களுக்கு மருந்து மிகச் சாதாரணமானது: கழற்று, துடை, கிரீஸ் தடவு, சரியான முறுக்கில் மாட்டு. வறண்ட பெடல் மரை முதல் சந்தேகம். இடது பெடலுக்கு இடமரை என்பதை மறந்து எதிர்த் திசையில் முறுக்கி, கிராங்கின் மரையைக் கெடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஸ்பேனரின் கைப்பிடி மேல்நோக்கி இருக்கும்படி பெடலில் மாட்டி, பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டும் இறுகும். பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் போதும், சிலவற்றில் உள்பக்கமிருந்து 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீ. உள்பக்கமிருந்து திருகும்போது திசை தலைகீழாகத் தோன்றும், ஆகவே திருகும் முன் மரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

பின்சக்கரத்தின் குயிக் ரிலீஸ் (கையால் திறக்கும் அச்சுப் பூட்டு) உட்காரும் இடத்தில் காய்ந்த மண் இருந்தாலும் அச்சு அசல் இதே 'கடக்' வரும். துடைத்தால் போயிற்று. கார்பன் சீட் போஸ்டுக்கு மட்டும் கிரீஸ் போடாதீர்கள், அதற்கென்று மணல்போன்ற துகள் கலந்த பேஸ்ட் உண்டு. அது வழுக்காமல் பிடிக்கும்.

செயின் இழுபட்டுவிட்டதா என்று எப்படித் தெரியும்?

செயினின் இரும்பு நீள்வதில்லை. உள்ளே பின் (இணைப்புகளைக் கோக்கும் சிறு ஆணி) உராயும் இடங்கள் தேய்கின்றன. ஒவ்வொரு இணைப்பிலும் இம்மியளவு தேய்மானம், நூற்றுச் சொச்சம் இணைப்புகளில் சேர்ந்து நீளமாகிறது. ஆகவே தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது, அளவுகோல் வேண்டும். செயினைச் சைக்கிளிலேயே இழுவிசையில் வைத்து, ஒரு பின்னின் மையத்தில் எஃகு ஸ்கேலின் பூச்சியத்தை வையுங்கள். 24 இணைப்பு தள்ளி இருக்கும் பின், புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில், அதாவது 304.8 மி.மீ.யில் நிற்கும். 306.3ஐ எட்டினால் அரை சதவீதம்: 11, 12 ஸ்பீடு (பின்னால் அத்தனை பற்சக்கரங்கள்) செயினை மாற்றுங்கள். பத்தும் அதற்குக் கீழும் 307 வரை போகலாம். ஒற்றைக் கியர் சைக்கிள் 307.8 வரை தாங்கும்.

தள்ளிப்போட்டால் என்ன? நீண்ட செயின், பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கான கேசட்டின் பற்களைத் தன் அளவுக்குத் தேய்த்துக்கொள்கிறது. பிறகு புதுச் செயின் போட்டால் அது தேய்ந்த பற்களோடு பொருந்தாமல், மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது தாவும். "புதுச் செயின் போட்டதும் தாவுகிறது, செயின் சரியில்லை" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கேசட்டையும் மாற்றியாக வேண்டும். பெரும்பாலும் அதிகம் பயன்படுத்திய இரண்டு மூன்று பற்சக்கரங்களில் மட்டும்தான் தாவும், அதுவே அடையாளம்.

எண்ணெய் விஷயத்தில் நிறையப் போடுவது தப்பு. எண்ணெய் வேலை செய்யும் இடம் உருளைக்கு உள்ளே. வெளியே இருப்பது மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு கறுப்பு மாவாகி, அரைப்பானாக மாறும். முதலில் செயினைக் கரைப்பானிலோ மண்ணெண்ணெயிலோ கழுவி முழுக்கக் காயவிடுங்கள். உருளைக்கு ஒரு துளி, ஒரு சுற்று முழுக்க. ஒரு நிமிடம் பின்னோக்கிச் சுற்றுங்கள், அரை மணி நேரம் ஊறவிடுங்கள், பிறகு உலர்ந்த துணியால் வெளிப்புறம் கையில் ஒட்டாத அளவுக்குத் துடையுங்கள். இரவில் போட்டுக் காலையில் துடைப்பது இன்னும் நல்லது. புழுதிச் சாலைக்கு உலர்வகை எண்ணெய், மழைக்கு ஈரவகை. மழையில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றே துடைத்து எண்ணெய் விடுங்கள், ஓரிரவில் துரு பிடிக்கும். நீல டப்பா டபிள்யூ.டி.-40 தண்ணீரை விரட்டவும் துருவை இளக்கவும் நல்லது, செயினுக்கு எண்ணெயாக நிற்காது. வண்டிக் கழுவும் அழுத்தத் தண்ணீரை ஹப், ஹெட்செட், பாட்டம் பிராக்கெட் பக்கம் காட்டவே வேண்டாம். சீல்களைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய் பால்ரஸ் கிரீஸைக் கழுவிவிடும்.

கியர் தானாகத் தாவுகிறது

பின்னால் நின்று பாருங்கள். டெரெய்லரின் இரண்டு சிறு சக்கரங்களும் கேசட்டுக்கு நேர்கீழே, செங்குத்தாக இருக்கின்றனவா? உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஹேங்கர், அதாவது டெரெய்லரைச் சட்டத்தில் மாட்டும் துண்டு, வளைந்திருக்கிறது. சைக்கிள் வலப்பக்கம் விழுந்தாலோ கூட்டத்தில் சாய்த்து வைத்தாலோ வளையும் பாகம் அது, சட்டத்தைக் காப்பாற்றுவதற்காகவே மென்மையாகச் செய்தது. அதை நிமிர்த்தாமல் எவ்வளவு திருகினாலும் ஒரு கியர் சரியானால் இன்னொன்று கெடும்.

ஹேங்கர் நேராக இருந்தால்: மிகச் சிறிய பற்சக்கரத்தில் வைத்து, ஒரு கிளிக் மட்டும் போடுங்கள். செயின் அடுத்ததற்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்வு. டெரெய்லரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள பேரல் அட்ஜஸ்டரை, பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் கால் சுற்று திருப்புங்கள். ஏறியும் மூன்றாவதை உரசிக்கொண்டு ஓடினால் கடிகாரத் திசையில் கால் சுற்று. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பினால் எங்கே இருந்தோம் என்பதே தெரியாமல் போகும். இரண்டாவது, மூன்றாவது கியர்களில் சரியானால் மற்றவை தானாகப் பின்தொடரும்.

ஏறுவது சுகமாகவும் இறங்குவது தாமதமாகவும் இருந்தால் அட்ஜஸ்டரைத் தொடாதீர்கள். கேபிளை இழுப்பது உங்கள் விரல், திரும்ப விடுவது ஒரு சின்ன ஸ்பிரிங். கேபிளின் உறைக்குள் துருவோ மண்ணோ இருந்தால் ஸ்பிரிங்கின் பலம் போதாது. டெரெய்லருக்கு முன்னால் வளைந்து வரும் கடைசித் துண்டு உறையை முதலில் மாற்றுங்கள், பெரும்பாலும் அங்கேதான் தண்ணீர் தேங்கும். புதுக் கேபிள் போட்ட ஓரிரு வாரத்தில் கியர் தளர்வது வழக்கம். உறையின் முனைகள் தம் இடத்தில் அமர்வதால் வரும் தளர்ச்சி அது, அரைச் சுற்றில் சரியாகும்.

'ஹெச்', 'எல்' என்று எழுதிய இரண்டு திருகுகளையும் இதற்காகத் திருக வேண்டாம். அவை எல்லைக் காவல். 'ஹெச்' சிறிய பற்சக்கரத்துக்கு வெளியே செயின் விழாமலும், 'எல்' பெரிய பற்சக்கரத்தைத் தாண்டிக் கம்பிகளுக்குள் டெரெய்லர் போகாமலும் தடுக்கும். ஹேங்கர் வளைந்த சைக்கிளில் மிகப் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றினால் இந்தக் காவலும் போதாது. டெரெய்லர் சக்கரத்துக்குள் போய்க் கம்பிகளை அறுத்துவிடும். விழுந்து எழுந்தபின் அந்தக் கியரை ஒருமுறை கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிரேக் கத்துகிறது

ரிம் பிரேக் என்றால் கட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளித் துணுக்குகள் பதிந்திருந்தால் அவை ரிம்மின் அலுமினியம். ஊசியால் கிளறி எடுத்துவிட்டு உப்புத்தாளில் தேயுங்கள். பிறகு கட்டையின் முன் முனை ரிம்மை முதலில் தொடும்படி, பின்முனைக்கும் ரிம்முக்கும் இடையே ஒரு தபால் அட்டையின் கனம் விட்டு இறுக்குங்கள். கட்டை டயரைத் தொடவே கூடாது, ஒரே நாளில் டயரின் பக்கத்தை அறுக்கும். ரிம்மின் பக்கத்தில் விரலை வைத்தால் குழிவு தெரிகிறதா? அது தேய்ந்த ரிம், மாற்றும் காலம் வந்துவிட்டது.

டிஸ்க் பிரேக் கத்தினால் பெரும்பாலும் எண்ணெய். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க்கில் தெறித்திருக்கும், அல்லது விரலால் தொட்டிருப்பார்கள். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பேடின் மேற்பரப்பை உப்புத்தாளில் தேய்த்துப் பாருங்கள், எண்ணெய் உள்ளே ஊறியிருந்தால் மாற்றுவதே வழி. புதுப் பேட் முதல் நாள் பிடிக்கவில்லை என்று பயப்பட வேண்டாம். ஆளில்லாத சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், ஏறக்குறைய இருபது தடவை குறையுங்கள். பேடின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாகப் படிந்தபிறகுதான் முழுப் பிடிப்பு வரும். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ. கனம், 1.5க்கு வந்தால் ஓய்வு. பேடின் உராயும் பொருள் அரை மி.மீ.க்குக் குறைந்தாலும் அப்படியே.

ஹைட்ராலிக் பிரேக்கில் சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது லீவரைப் பிடிக்காதீர்கள், பேடுகள் ஒட்டிக்கொள்ளும். சைக்கிளை ஏற்றி அனுப்பும்போது இடையில் ஒரு தடித்த அட்டையாவது வையுங்கள். எண்ணெய் மாற்றும்போது மூடியில் எழுதியதைப் பார்த்தே ஊற்றுங்கள். ஷிமானோவும் மகுராவும் மினரல் ஆயில் கேட்கும், ஸ்ராமின் பல மாடல்கள் டாட் 5.1 என்ற பிரேக் திரவம் கேட்கும். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஹெட்செட்டில் 'டக்' என்றால்: ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்களை முதலில் தளர்த்துங்கள், மேல்மூடி போல்ட்டை ஆட்டம் நிற்கும்வரை மட்டும் இறுக்குங்கள், பிறகு பக்கவாட்டை 5 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குங்கள். பக்கவாட்டைத் தளர்த்தாமல் மேல்மூடியை முறுக்குவது வீண் வேலை, மரைதான் போகும்.

முழங்கால் வலிக்கிறது, கை மரக்கிறது

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். சுவரைப் பிடித்துச் சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் நேராக நீண்டு, இடுப்பு சாயாமல் இருந்தால் உயரம் சரி. பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது தேவையான மடிப்பு தானே வந்துவிடும். எண்ணாக வேண்டும் என்பவர்களுக்கு, பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கீமார் வழியாகவும் அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் வழியாகவும் பரவிய கணக்கு இருக்கிறது: தொடையிடுக்கிலிருந்து தரைவரை உள்ள அளவை 0.883ஆல் பெருக்கினால், பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து சீட்டின் மேல்வரை இருக்க வேண்டிய தூரம். 80 செ.மீ. கால் என்றால் 70.6 செ.மீ. கிராங்க் நீளம், செருப்பின் அடிக்கனம் இதில் இல்லை, ஆகவே தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவதாக இருந்தால் ஒரு தடவைக்கு 3 மி.மீ., பிறகு இரண்டு மூன்று சவாரி. போஸ்டில் ஒரு டேப் ஒட்டிப் பழைய இடத்தைக் குறித்து வையுங்கள். ஒரே நாளில் இரண்டு செ.மீ. உயர்த்தினால் புதிதாக வேறோரிடத்தில் வலி வரும், எதனால் என்று சொல்ல முடியாது. போஸ்டில் உள்ள குறைந்தபட்சக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தினால் சட்டமே பிளக்கும்.

கை மரப்பதற்குச் சீட்டின் மூக்கு கீழே சரிந்திருப்பது பொதுவான காரணம். உடல் முன்னால் வழுக்குகிறது, தடுத்து நிறுத்தும் வேலை கைக்கு வருகிறது, உள்ளங்கையின் சுண்டுவிரல் ஓரமாக ஓடும் நரம்பு நசுங்குகிறது. சீட்டின் மேல் ஒரு நீளப் புத்தகத்தை வைத்து மட்டம் பாருங்கள். காற்றழுத்தத்தையும் அப்படியே ஒரு பார்வை பாருங்கள். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை வேண்டாம், தையல்தான் தோலை அறுக்கிறது.

எழுபதாவது கிலோமீட்டரில் கால் சோர்ந்துவிடுகிறது என்பவர்கள் காலைச் சந்தேகிக்காமல் முதல் ஒரு மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். பசிக்கும் வரை காத்திருந்தால் தாமதம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் தண்ணீர், கிளம்பிய அரை மணியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக.

வழியில் கம்பி அறுந்தால்? பையில் என்ன இருக்க வேண்டும்?

அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடுங்கள், ரிம் பிரேக் உரசினால் பிரேக்கைத் தளர்த்துங்கள், மெதுவாக வீடு சேருங்கள். ரிம் எந்தப் பக்கம் கோணியதோ அதற்கு எதிர்ப்பக்கக் கம்பிதான் அறுந்திருக்கும். வீட்டில் பெண்டு எடுக்கும்போது டயர் பக்கமிருந்து நிப்பிளைப் பார்த்தால் கடிகாரத் திசை இறுக்கும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். கம்பிகள் அடுத்தடுத்து அறுந்தால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மொத்தச் சக்கரமும் தளர்ந்த இழுவிசையில் ஓடி, எல்லாக் கம்பியும் களைத்திருக்கிறது.

பையில்: ஒரு டியூப், இரண்டு பிளாஸ்டிக் லீவர், பேட்ச், சொலுஷன், சிறு பம்ப், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீயும் நட்சத்திர முனை டி25ம் உள்ள மல்டிடூல், செயின் கழற்றி, உங்கள் செயினின் ஸ்பீடுக்கு ஏற்ற குயிக் லிங்க் (அறுந்த செயினைக் கோக்கும் கண்ணி). இவற்றோடு பழைய டயரின் பக்கவாட்டிலிருந்து வெட்டிய ஐந்து செ.மீ. துண்டு ஒன்று. கண்ணாடி டயரை நீளமாகக் கிழித்துவிட்டால் புது டியூபும் அந்தப் பிளவு வழியே பிதுங்கி வெடிக்கும். துண்டை டயருக்கு உள்ளே, வளைவோடு வளைவு பொருந்தும்படி, பிளவின் இரு பக்கமும் ஒரு செ.மீ.யாவது மூடும்படி வைத்து, அதன்மேல் டியூபைப் போடுங்கள். முதலில் பாதிக் காற்று, பிளவு பிதுங்குகிறதா என்று பார்த்து மீதி. முழு அழுத்தம் வேண்டாம், வழக்கத்தைவிடப் பத்து பி.எஸ்.ஐ. குறைவாகவே நிறுத்துங்கள். அந்த டயரைப் பின்சக்கரத்தில் வைத்திருந்தால் சீட்டிலிருந்து எழாமல் ஓட்டுங்கள்.